மீன் சாகாமல் பின்கட்டுக் குளத்தைச் சுத்தம் செய்வது எப்படி?

பொள்ளாச்சித்தோப்பு | பிப்ரவரி 4, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியை ஒட்டி ஒரு சிமென்ட் குளம் இருக்கிறது. 8 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி ஆழம். கட்டி மூன்று வருடம் ஆகிறது. வெள்ளை அல்லி ஒரு தொட்டி, ஊதா அல்லி ஒரு தொட்டி, மூலையில் வெங்காயத்தாமரை. பக்கத்து மாமரம் மதியத்துக்கு மேல் பாதிக் குளத்துக்கு நிழல் தரும்.

போன வருடம் போகிக்கு வீட்டையெல்லாம் சுத்தம் செய்தபோது குளத்தையும் விடவேண்டாம் என்று இறங்கினோம். தண்ணீரை முழுக்க இறைத்து, சுவரைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, மூன்று தடவை அலசி, போர் தண்ணீர் நிரப்பி, அன்று மாலையே மீன்களை விட்டோம். கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் கிடந்த ஒரு ரூபாய்க் காசு மேலிருந்தே தெரிந்தது. மறுநாள் காலை எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. நான்காம் நாளுக்குள் பெரிய மீன் 14இல் 9 செத்துப்போயின. என் மகளுக்கு அப்போது ஏழு வயது. ஒவ்வொன்றையும் வாழையிலைத் துண்டில் சுற்றி மாமரத்தடியில் புதைத்தாள். அதற்குப் பிறகு இந்தக் குளத்தைத் தொடவே எனக்குக் கை வரவில்லை.

விட்டதன் பலன் இப்போது தெரிகிறது. தண்ணீர் கீரை மசித்த மாதிரிப் பச்சை. கையை விட்டால் ஒரு சாணுக்குக் கீழே விரல் தெரியவில்லை. அடியில் நாலு விரற்கடைக்குக் கருப்புச் சகதி. குச்சியால் கிளறினால் குமிழி வந்து முட்டை அழுகிய நாற்றம் அடிக்கிறது. இப்போது இருப்பவை 5 தங்கமீன், 3 கோய் (வண்ணக் கெண்டை), எண்ண முடியாத அளவு கப்பி. சித்திரை வெயிலுக்கு முன்னால் ஏதாவது செய்தாக வேண்டும். போன வருடம் எங்கே தப்பு செய்தேன், இந்த வருடம் எப்படிச் செய்வது என்று சொல்லுங்கள்.

கொளத்தூர்க்காரன் | பிப்ரவரி 4, இரவு 10:25

வணக்கம் சகோதரி. மூன்று விஷயம் சொல்லுங்கள். ஃபில்டர் ஏதாவது ஓடுகிறதா? மீன்கள் மேலே வந்து வாயடிப்பது விடியற்காலையில் மட்டுமா, நாள் முழுக்கவா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை தீனி போடுகிறீர்கள்?

பொள்ளாச்சித்தோப்பு | பிப்ரவரி 5, காலை 6:50

ஃபில்டர் கிடையாது அண்ணா. இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், கோய் மூன்றும் மேலேயே நிற்கின்றன. வெயில் ஏறி எட்டு மணிக்கு மேல் சரியாகிவிடும், தினமும் இப்படித்தான். தீனி காலையில் ஒரு கை, மாலையில் ஒரு கை. நடுவில் மகளும் மாமியாரும் பொரி போடுவார்கள்.

அல்லிக்கிழங்கு | பிப்ரவரி 5, முற்பகல் 11:15

அம்மா, உங்கள் பதிவைப் படித்ததும் மனது கஷ்டமாகிவிட்டது. 20 வருடத்துக்கு முன்னால் நாகர்கோவிலில் நானும் இதையே செய்தேன். பிளீச்சிங் பவுடருக்குப் பதில் சோப்புத்தூள், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் தேய்த்துக் கழுவிய அந்தச் சுவர் வழுவழுப்புதான் மீன்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விடுகிறது. மிச்சத் தீனியும் அழுகின இலையும் கூட அம்மோனியாவாகத்தான் மாறும். சுவரிலும் கல்லிலும் தொட்டியின் வெளிப்பக்கத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும் நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரோஸ்பைரா போன்ற இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது அவ்வளவு கெடுதல் இல்லை, அல்லியும் பாசியும் அதை உரமாக எடுத்துக்கொள்ளும். இந்தக் கூட்டம் புதிதாக வளர்ந்து நிலைக்கச் சாதாரணமாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பிளீச்சிங் பவுடரில் உள்ள குளோரின் அவற்றை ஒரே நாளில் ஒழித்துவிட்டது. அதன் மிச்சம் சுவரில் ஊறியிருந்தால் மீனின் செவுளையும் சுட்டிருக்கும். போர் தண்ணீர் பூமிக்குள்ளிருந்து நேராக வருவதால் பிராணவாயுவும் குறைவாகவே இருந்திருக்கும். கண்ணாடி மாதிரித் தண்ணீர்தான், ஆனால் மீன் கழிவை மாற்றித்தர அதில் ஒன்றுமே இல்லை.

பிறகு தண்ணீர் பச்சையானதற்கும் இந்தச் சுத்தம்தான் காரணம். அல்லியை வெளியே எடுத்திருப்பீர்கள், இலை முறிந்திருக்கும். சத்தைத் தின்னச் செடி இல்லை, வெயில் நேராகத் தண்ணீரில் விழுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

விடியற்காலை வாயடிப்பைக் கவனியுங்கள். பகலில் செடியும் பாசியும் பிராணவாயு விடும். இரவில் அவையும் நம்மைப் போல அதை எடுத்துக்கொள்ளும். அதனால் சூரியன் வருவதற்குச் சற்று முன்புதான் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவு. தண்ணீர் சூடானால் இன்னும் குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டரில் சுமார் 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். சித்திரைக்கு முன்னால் என்று நீங்கள் நினைப்பது மிகச் சரி.

இப்போது செய்யவேண்டியது. உங்கள் குளத்தில் விளிம்புவரை நிரப்பினால் ஏறக்குறைய 2,250 லிட்டர் பிடிக்கும். ஒரு தடவைக்கு ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 450 லிட்டருக்கு மேல் இறைக்காதீர்கள். 15 லிட்டர் பக்கெட்டில் 30 பக்கெட். அதை அடியிலிருந்து, சகதியோடு சேர்த்து எடுக்க வேண்டும், அதில்தான் காரியமே இருக்கிறது. கிளறவே கூடாது. அந்த முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. காற்றுப் படாமல் அழுகும் சகதிக்குள் அது உருவாகிறது, மொத்தமாகக் கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் மீன் செத்துவிடும். ஒரு அங்குல டியூபைத் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் கட்டைவிரலால் அடைத்து, ஒரு முனையைச் சகதியில் வைத்து மறுமுனையைக் குளத்தைவிடத் தாழ்வான இடத்தில் திறந்தால் தானாக உறிஞ்சும். வாயால் உறிஞ்ச வேண்டாம். டியூப் முனையை ஒரு நீளக் கம்பில் கட்டிக்கொண்டால் குளத்தில் கால் வைக்காமலே ஒவ்வொரு சதுர அடியாக நகர்த்தலாம். இந்த வாரம் கால்வாசித் தரை, அடுத்த வாரம் அடுத்த கால்வாசி. நாலு வாரத்தில் முடியும்.

சுவரைத் தொடாதீர்கள். மீனையும் வெளியே எடுக்க வேண்டாம். வேலைக்கு முந்தின நாளும் அன்றும் தீனி போட வேண்டாம்.

எடுத்த சகதியைச் சாக்கடையில் விடாதீர்கள். கோடையில் ஏரி வண்டலை வண்டியில் ஏற்றி வயலுக்கு அடிப்பார்களே, அதே சரக்குதான் இது. தென்னைக்கும் வாழைக்கும் ஊற்றுங்கள்.

மாடித்தாமரை | பிப்ரவரி 5, மாலை 4:02

அல்லிக்கிழங்கு டீச்சர் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் என் அனுபவம் வேறு. மதுரையில் மொட்டைமாடியில் ஆறு தொட்டியில் தாமரை வைத்திருக்கிறேன், எல்லாவற்றிலும் கப்பி உண்டு. வருடா வருடம் மாசியில் முழுக்கக் கவிழ்த்து, மண் மாற்றி, கிழங்கு பிரித்து நடுகிறேன். ஒரு மீனும் செத்ததில்லை. நாலு வாரம் இழுத்துக்கொண்டிருப்பதைவிட ஒரே நாளில் முடிப்பது நல்லதில்லையா?

அல்லிக்கிழங்கு | பிப்ரவரி 5, மாலை 5:30

தம்பி, உங்கள் முறை உங்கள் தொட்டிக்குச் சரிதான். தாமரைக் கிழங்கு ஒரு வருடத்தில் தொட்டியையே சுற்றிக்கொள்ளும், பிரித்து நடாவிட்டால் பூக்காது. நூறு லிட்டர் தொட்டியில் விரல் நுனி அளவு கப்பி பத்து இருந்தால் அவை விடும் கழிவு மிகக் கொஞ்சம், புது மண்ணும் தாமரையும் அதைத் தாங்கிக்கொள்ளும். இவர் குளத்தில் இருப்பது முழங்கை நீளம் வளரக்கூடிய கோய். அது திங்கிற தீனியையும் போடுகிற கழிவையும் கப்பியோடு வைத்துப் பார்க்க முடியாது. கவிழ்க்கும்போது கப்பிகளை எந்தத் தண்ணீரில் வைக்கிறீர்கள்?

மாடித்தாமரை | பிப்ரவரி 5, மாலை 6:11

பழைய தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து அதில் வைப்பேன். திரும்ப விடும்போதும் அந்தத் தண்ணீரைத்தான் பாதிக்கு மேல் ஊற்றுவேன். அப்பா சொல்லிக்கொடுத்தது. இப்போது யோசித்தால் நானும் முழுக்க மாற்றவில்லை என்றுதான் தெரிகிறது.

வலிகாமம் | பிப்ரவரி 5, இரவு 8:47

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் நிலத்துக்கடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீர் கடினமானது. அதால் நான் பட்டு அறிந்த ஒரு விஷயத்தைச் சொல்லவேணும்.

தண்ணீரின் பி.எச் (அமில-காரத் தன்மையின் அளவு) கூடினால் அம்மோனியா மிகவும் கொடியதாகிவிடும். 7இலிருந்து 8க்குப் போனால், அதே அளவு அம்மோனியாவில் மீனைக் கொல்லும் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகும். பச்சைத் தண்ணீரில் பின்னேரம் மூன்று நான்கு மணிக்குப் பாசி கரியமில வாயுவை எல்லாம் இழுத்துவிடுவதால் பி.எச் அன்றைய உச்சத்துக்கு ஏறியிருக்கும். அந்த நேரம் அடிச்சகதியைத் தொடாதேங்கோ அக்கா. காலை எட்டு ஒன்பது மணி, மீன் வாயடிப்பது நின்ற பிறகு, அதுதான் நல்ல நேரம். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கிற சோதனைப் பெட்டி மீன் கடையில் கிடைக்கும். அம்மோனியாவுக்கு ஒன்று, பி.எச்க்கு ஒன்று வாங்கி வையுங்கோ.

இன்னொன்று. வெயிலில் தண்ணீர் வற்ற வற்ற மேலே ஊற்றிக்கொண்டே இருப்பதும் தண்ணீர் மாற்றுவதும் ஒன்றல்ல. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பும் சுண்ணாம்பும் குளத்திலேயே தங்கித் தடித்துக்கொண்டு வரும்.

கொளத்தூர்க்காரன் | பிப்ரவரி 6, காலை 7:35

சகோதரி, தீனிதான் பாதிப் பிரச்சினை. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு, ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். பொரி வேண்டாம், அது ஊறி அடியில் உட்காரும். குழந்தை ஆசைக்குப் போடட்டும் என்றால் நாள் தீனியை அவள் கையாலேயே போடச் சொல்லுங்கள்.

ஃபில்டர் கட்டாயம் வேண்டும், ஆனால் கடையில் விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. 20 லிட்டர் பெயின்ட் பக்கெட் இரண்டு நன்றாகக் கழுவி எடுங்கள். முதல் பக்கெட்டில் பாத்திரம் தேய்க்கிற நைலான் நார் முக்கால்வாசி, இரண்டாவதில் செங்கல் ஜல்லி. பக்கெட் அடியில் தண்ணீர் நுழைந்து மேலே வழிகிற மாதிரி பி.வி.சி. பைப் பொருத்துங்கள். குளத்து அடியில் மணிக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் இறைக்கிற சின்ன மோட்டார் ஒன்று, வழிகிற தண்ணீர் ஒரு சாண் உயரத்திலிருந்து குளத்தில் விழட்டும். விழும்போதே காற்றுக் கலக்கும். இரவில் நிறுத்தக் கூடாது, மீனுக்கு அப்போதுதான் அது தேவை. நார் அடைத்தால் குளத்துத் தண்ணீரிலேயே ஒரு பிழி பிழிந்து திரும்ப வைக்கவும். குழாயடியில் கழுவினால் போகி கதைதான்.

கோய் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அதற்கு இரண்டு அடி ஆழம் போதாது. நாலு அடியாவது வேண்டும். அல்லித் தொட்டி மண்ணைக் கிண்டுவதும் அதுதான், உங்கள் சகதியில் பாதி அந்த மண்ணாக இருக்கும். பெரிய குளம் வைத்திருக்கிற யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஆனால் ஏரியிலோ ஆற்றிலோ கொண்டுபோய் விடாதீர்கள். தொட்டி சுத்தம் செய்யும் என்று சக்கர் மீன் ஒன்றை யாராவது தலையில் கட்டப்பார்த்தால் வாங்காதீர்கள். அது சகதி தின்னாது, ஒரு அடிக்கு மேல் வளரும், அதுவும் நிறையக் கழிவு போடும். அப்படி வளர்ந்ததைத் தாங்க முடியாமல் தண்ணீரில் விட்டுவிட்டுத்தான் இன்று நம் ஏரிகளில் வலை போட்டால் முள் தோலோடு அது வருகிறது.

பொள்ளாச்சித்தோப்பு | பிப்ரவரி 6, இரவு 9:20

எல்லோருக்கும் நன்றி. மாமியாரிடம் பொரி விஷயத்தைச் சொன்னேன், அவர் "அப்போ நான்தான் கொன்னேனா" என்று கேட்டார். இல்லை அத்தை, நான்தான் பிளீச்சிங் போட்டேன் என்றேன். இரண்டு பேருக்குமே அழுகை வந்துவிட்டது.

இரண்டு சந்தேகம். மூலையில் உள்ள வெங்காயத்தாமரை குளத்தைப் பாதி மூடிவிட்டது, அதை எடுக்கவா வைக்கவா? தேத்தாங்கொட்டை உரைத்து ஊற்றினால் தண்ணீர் தெளியும் என்று பெரியப்பா சொல்கிறார், செய்யலாமா?

அல்லிக்கிழங்கு | பிப்ரவரி 7, காலை 10:05

தேத்தாங்கொட்டை கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கும், பெரியப்பா சொல்வது உண்மை. பானையின் உட்புறம் உரைத்து ஊற்றி வைத்தால் மண் துகள் சேர்ந்து அடியில் படியும். குடிதண்ணீருக்கு நம் ஊரில் காலங்காலமாகச் செய்வதுதான். ஆனால் உங்கள் குளத்தில் பச்சைக்குக் காரணம் மண் இல்லை, உயிருள்ள பாசி. அதைப் படிய வைத்தாலும் அடியில் போய் அழுகி இன்னும் சகதியாகும். நான் செய்யமாட்டேன்.

வெங்காயத்தாமரையை இப்போது முழுக்க எடுக்காதீர்கள். அந்த வேர்க்கொத்தைத் தூக்கிப் பாருங்கள், கருநீலத் தாடி மாதிரி இருக்கும், ஒவ்வொரு இழையிலும் சேறு ஒட்டியிருக்கும். அழுக்கை அது பிடித்து வைத்திருக்கிறது. மேல்பரப்பில் பாதிக்குச் சற்று மேல் இலை மூடியிருந்தால் பாசிக்கு வெயில் குறையும். முழுக்க மூடினால் காற்றுப் போகாது. அல்லி இலை பரப்பும்வரை இது இருக்கட்டும், வாரம் ஒரு கூடை பிடுங்கி எருக்குழியில் போடுங்கள். வாய்க்காலில் மட்டும் எறியாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த செடி நம் ஏரிகளை என்ன செய்தது என்று தினமும் பார்க்கிறோம்.

அல்லியைக் கடைசி வாரத்தில் எடுங்கள். ஒரே நாளில் இரண்டும் வேண்டாம். பழைய கிழங்கின் கருத்த, மெத்தென்ற பாகத்தை வெட்டி எறிந்து, குருத்து உள்ள நாலு விரல் துண்டை மட்டும் நடுங்கள். மண் வயல் களிமண்ணாக இருக்கட்டும். தென்னை நார்க்கழிவோ மண்புழு உரமோ கலந்தால் மிதந்து வந்து தண்ணீரைக் கெடுக்கும். குருத்து வெளியே தெரிகிற மாதிரி மேலே இரண்டு விரல் கூழாங்கல் பரப்புங்கள். இலையில் அசுவினி வந்தால் வேப்பெண்ணெய் அடிக்க வேண்டாம், மீனுக்கு ஆகாது. ஓஸ் தண்ணீரைப் பீய்ச்சித் தள்ளினால் கப்பி தின்றுவிடும்.

பொள்ளாச்சித்தோப்பு | பிப்ரவரி 11, பிற்பகல் 1:15

முதல் கால்வாசி முடிந்தது. டியூபை மூங்கில் கம்பில் கட்டி, காலை எட்டரைக்கு ஆரம்பித்தேன். முதலில் வந்தது மை மாதிரி இருந்தது. ஐந்தாவது பக்கெட்டில் முழு மாவிலை, நரம்பு மட்டும் மிஞ்சி வலை போல. எட்டாவதில் உயிரோடு ஏதோ நெளிந்தது. மகள் தட்டான் புழு என்று கண்டுபிடித்தாள், பள்ளிப் புத்தகத்தில் படம் இருக்கிறதாம். அதைத் திரும்பக் குளத்திலேயே விட்டோம். சரிதானே?

30 பக்கெட்டும் தென்னைக்குப் போனது. புதுத் தண்ணீரை முந்தின நாளே டிரம்களில் பிடித்து வைத்து, பூவாளித் தலையை ஓசில் மாட்டித் தூவினேன். மாலைவரை எந்த மீனும் மேலே வரவில்லை.

கொளத்தூர்க்காரன் | பிப்ரவரி 11, பிற்பகல் 2:40

அருமை. தட்டான் புழு கொசுப்புழுவைத் தின்னும், கப்பிக் குஞ்சையும் கொஞ்சம் தின்னும். உங்களிடம் கப்பிக்குக் குறைவில்லை, இருக்கட்டும்.

போர் தண்ணீரை ஒரு நாள் வைத்ததும் தூவியதும் சரி. சென்னையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் வெயிலில் திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும், அவசரம் என்றால் சோடியம் தயோசல்ஃபேட் போடலாம்.

பொள்ளாச்சித்தோப்பு | பிப்ரவரி 26, காலை 7:30

மூன்றாவது வாரம். பக்கெட் ஃபில்டர் ஓடி பத்து நாள் ஆகிறது. இன்று காலை ஆறு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒரு மீன்கூட மேலே இல்லை. எங்கேயோ போய்விட்டன என்று பயந்து தேடினால் எல்லாம் ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் கூட்டமாக நிற்கின்றன. ஆனால் தண்ணீர் இன்னும் பச்சைதான். சோதனைப் பெட்டியில் அம்மோனியா 0.5 காட்டுகிறது.

வலிகாமம் | பிப்ரவரி 26, காலை 9:12

0.5 என்றால் இன்னும் பாக்டீரியா நிலைக்கவில்லை. தீனியை இரண்டு நாளைக்கு ஒருக்கால் ஆக்குங்கோ. இந்தக் காலநிலையில் மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் சாகாது, பாசியையும் புழுவையும் மேய்ந்துகொள்ளும். பச்சைக்கு அவசரப்பட்டு மருந்து ஒன்றும் ஊற்றவேண்டாம். பாசி மொத்தமாகச் செத்தால் அன்றிரவே பிராணவாயு இல்லாமல் போகும்.

பொள்ளாச்சித்தோப்பு | மார்ச் 24, மாலை 6:05

நாளாயிற்று, மன்னிக்கவும். பரீட்சை நேரம்.

அம்மோனியா இரண்டு வாரமாகப் பூஜ்யம். கோய் மூன்றையும் ஆனைமலைப் பக்கம் தோப்பில் ஆழமான தொட்டி வைத்திருக்கும் உறவினருக்குக் கொடுத்துவிட்டோம். மகள் அழுதாள், ஆனால் அங்கே போய் அவை நீந்துவதைப் பார்த்துவிட்டு வந்தபின் சரியாகிவிட்டாள். அவை போன பத்தாம் நாள் தண்ணீர் தெளிய ஆரம்பித்தது. முந்தாநாள் காலை பார்த்தால் அடித்தரை தெரிகிறது. போன வருடத்துக் கண்ணாடி இல்லை, லேசான தேநீர் நிறம், மாவிலைச் சாயம் என்று நினைக்கிறேன். சுவரெல்லாம் பச்சை வெல்வெட் மாதிரி இருக்கிறது, தங்கமீன்கள் அதைக் கொத்திக்கொண்டே சுற்றுகின்றன. நான் தொடவில்லை.

ஒரு கவலை. இரண்டு நாளாக ஒரு மடையான் வந்து திண்டில் அசையாமல் நிற்கிறது. தண்ணீர் தெளிந்ததும் மீன் அதற்கும் தெரிகிறது போல. நேற்று ஒரு சின்னத் தங்கமீனைக் காணவில்லை.

மாடித்தாமரை | மார்ச் 24, மாலை 6:48

திண்டிலிருந்து அரை அடி உயரத்தில் சுற்றிலும் நைலான் நரம்பு இரண்டு வரிசை கட்டுங்கள். மடையான் நடந்து வந்துதான் நிற்கும், கால் தட்டினால் ஒதுங்கிவிடும். மீன்கொத்திக்கு அது உதவாது. மேலே வலைதான் போடவேண்டும், பறவை சிக்காத மாதிரி இறுக்கிக் கட்டுங்கள். அடியில் உடைந்த மண்பானை ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் மீன் ஒளிந்துகொள்ளும்.

அல்லிக்கிழங்கு | மார்ச் 24, இரவு 8:20

படித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன் அம்மா. அல்லி மாற்றி நட்டீர்களா?

பொள்ளாச்சித்தோப்பு | மார்ச் 24, இரவு 8:55

வெள்ளையை மார்ச் 2இல், ஊதாவை 9இல் நட்டேன் டீச்சர். வெள்ளையில் ஒன்பது இலை, ஒரு மொட்டு தண்ணீருக்குள் தெரிகிறது. வெள்ளைக் கிழங்கில் குருத்தோடு ஆறு துண்டு மிச்சம் இருக்கிறது, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்திருக்கிறேன். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் யாருக்காவது வேண்டும் என்றால் தனிமடலில் சொல்லுங்கள். எத்தனை நாள் தாங்கும்?

அல்லிக்கிழங்கு | மார்ச் 24, இரவு 9:03

சாக்கில் வேண்டாம், காய்ந்துவிடும். இரவே ஒரு பக்கெட் குளத்துத் தண்ணீரில் போட்டு, கொசுப்புழு வளராமல் இரண்டு கப்பி விட்டு வையுங்கள். மூன்று வாரம் தாங்கும்.